மாம்பழம் அழுகாமல் சந்தைக்குப் போக: திருகோணமலையில் புதிதாக மாந்தோட்டம் பார்ப்பவருக்கு

சாம்பல்தீவுப் பக்கம் அம்மாவின் காணியில் 22 மா மரங்கள் நிற்கின்றன. 14 கறுத்தக்கொழும்பான், 5 விலாட்டு, 3 அம்பலவி. அதைப் பார்க்கும் பொறுப்பு என் கைக்கு வந்த முதல் ஆனி மாதம், 300 கிலோ காயை ஆய்ந்து லொறியில் தம்புள்ளைக்கு அனுப்பினேன். ஏற்றும்போது ஒரு காயிலாவது புள்ளி இருக்கவில்லை. நாலாம் நாள் வியாபாரி அழைத்தார்: "தங்கச்சி, உங்கட சாமான் பாதிக்கு மேல கறுத்துப் போச்சு. மிச்சத்தை என்ன செய்யிறது எண்டு சொல்லுங்கோ." எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பதறிப்போய், மரத்தில் மிஞ்சியிருந்த காய்களுக்குக் கடையில் தந்த மருந்தை அடித்தேன். காசும் போனது, அந்தக் காய்களை விற்கவும் மனம் வரவில்லை.

பழத்தில் நாம் காணும் கறுப்பு ஆனியில் வந்தது அல்ல, மாசியில் பூவோடு வந்தது என்பது விளங்க எனக்கு மூன்று போகம் எடுத்தது. காம்பில் தொடங்கும் அழுகல் அதைவிட முந்தியது, அது மரத்தின் கொப்பிலேயே இருக்கிறது. இதைத் தெரியாமல் அறுவடை நேரத்தில் மருந்து தேடி ஓடுபவர்களை இன்றும் காண்கிறேன். நீங்கள் அந்த ஓட்டத்தைத் தவிர்க்க வேண்டும் என்றுதான் மாத ஒழுங்கில் எழுதுகிறேன்.

1. எந்த அழுகல் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

"மாம்பழம் அழுகுது" என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது. அழுகல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

தோலின் நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு கறுப்புப் புள்ளிகள் வந்து, பழுக்கப் பழுக்கப் பெரிதாகி ஒன்றோடொன்று சேர்ந்தால் அது அந்திரக்னோஸ். கொலெற்றோட்ரைக்கம் என்ற பங்கசு உண்டாக்குவது. சில காய்களில் காம்படியிலிருந்து கீழ்நோக்கிக் கண்ணீர் வடிந்தது போலக் கறுப்புக் கோடு இறங்கியிருக்கும். மழைத்தண்ணீர் பங்கசு வித்திகளை ஏந்திக்கொண்டு வழிந்த தடம் அது. தொடக்கத்தில் தோலோடு நிற்கும், பிறகுதான் சதைக்குள் இறங்கும்.

காம்பைச் சுற்றி வளையம் போலக் கபிலமாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் தோளெல்லாம் பரவி, விரல் வைத்தால் தண்ணீராக அமுங்கினால் அது காம்பழுகல். லாசியோடிப்ளோடியா என்ற பங்கசும் அதன் உறவுகளும் காரணம். வெக்கையில் மிகக் கெதியாகப் பரவும். என் முதல் லொறியைக் கெடுத்ததில் பெரும்பங்கு இதுதான் என்று பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

அடிபட்ட இடத்திலோ கீறலிலோ தொடங்கி, மேலே கரித்தூள் போலக் கறுப்புப் பொடி நின்றால் அது அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சணம். காயம் இல்லாத பழத்தில் அது அனேகமாக நுழையாது. ஆகவே அதற்கு மருந்து வேண்டாம், ஆயும் கையும் அடுக்கும் கையும் பதமாக இருந்தால் போதும்.

ஏமாற வைக்கும் ஒன்றும் இருக்கிறது. வெளியில் ஒரு சிறு குத்துப் புள்ளி, உள்ளே சதை நொய்ந்து வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈ. பங்கசு மருந்து எவ்வளவு அடித்தாலும் பயன் இல்லை. சந்தேகமான பழத்தை வெட்டிப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று: புள்ளி தொடங்கிய பழத்தைக் கழுவித் துடைத்து, ஈரக் கடதாசி விரித்த பிளாஸ்ரிக் பெட்டியில் மூடி இரண்டு மூன்று நாள் வையுங்கள். கறுப்புப் புள்ளிகளின் மேல் செம்மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்தில் பிசுபிசுப்பான பொட்டுகள் எழும்பினால் அந்திரக்னோஸ். காம்படியிலிருந்து சாம்பலும் கறுப்புமாகப் பஞ்சு போல வளர்ந்தால் காம்பழுகல். சோதனை முடிந்த பழத்தைத் தோட்டத்தில் எறியாதீர்கள், குழி தோண்டிப் புதையுங்கள்.

2. மாதிரியும் கடதாசிகளும்

உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அறுவடைக்கு முதலே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அவர் எந்த நாளில் எங்கே இருப்பார் என்று கமநல சேவைகள் நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். அவசரம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், தமிழில் கதைக்கலாம்.

மாதிரி கொண்டுபோவதில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். முழுதாக அழுகி ஒழுகிய பழங்களைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் போனேன். அதில் என்ன பங்கசு முதலில் வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது, அழுகிய பிறகு எல்லாமே ஏறிவிடும். ஐந்தாறு பழம் எடுங்கள். சிலதில் புள்ளி தொடங்கியிருக்க வேண்டும், சிலது பாதி நிலையில், ஒன்றிரண்டு நல்ல பழமும் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பத்திரிகைக் கடதாசியில் சுற்றி, மரம் எது, ஆய்ந்த திகதி என்ன, கடைசியாக என்ன மருந்து எப்போது அடித்தீர்கள் என்று எழுதி வையுங்கள். காய்ந்த கொப்பின் நுனி ஒன்று, புள்ளி உள்ள இலை நாலைந்து சேர்த்துக் கொண்டுபோங்கள். கிழமையின் தொடக்கத்தில் போனால், மேலிடத்துக்கு அனுப்ப வேண்டி வந்தாலும் மாதிரி வார இறுதியில் தேங்கிக் கெடாது.

காயை மூடும் உறை, கன்று, தெளிகருவி என்று ஏதாவது மானியத் திட்டம் வரும்போது என்னிடம் கேட்டவை இவை: தேசிய அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், கமக்காரர் அமைப்பில் பதிவு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி. காணி அம்மாவின் பெயரில் இருந்ததால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் கேட்டார்கள். அது இல்லாமல் ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்தேன். நாலு தொகுதி பிரதி எடுத்து ஒரு கோவையில் போட்டு வைத்துவிடுங்கள். குத்தகைக் காணி என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு எங்கும் செல்லாது.

3. ஆவணி, புரட்டாதி: மாரிக்கு முந்திய வெட்டு

செலவு குறைந்ததும் பலன் கூடியதுமான வேலை இதுதான். அதனால்தானோ என்னவோ, பலரும் செய்யாமல் விடுகிறார்கள். நமக்குப் பெருமழை ஐப்பசி தொடங்கி மார்கழி வரை. அறுவடை முடிந்து அந்த மழைக்கு முன் மரத்தைத் துப்பரவு செய்ய வேண்டும்.

காய்ந்த கொப்பெல்லாம் பங்கசின் குடியிருப்பு. காம்பழுகல் பங்கசு நோய் காட்டாமலே கொப்புக்குள் இருந்து, பூங்கொத்தின் தண்டு வழியாகக் காம்புக்கு வந்து, பழம் பழுக்கும்வரை அங்கேயே ஒதுங்கி நிற்கும். ஆகவே காய்ந்த நுனியை மட்டும் கிள்ளினால் போதாது. பச்சை தொடங்கும் இடத்திலிருந்து இன்னும் அரை அடி கீழே, நல்ல மரத்தில் வெட்டுங்கள். மரத்தின் நடுவில் வெயில் விழ, குறுக்கே வளர்ந்த கொப்புகளையும் எடுங்கள். மழை விட்டு ஒரு மணித்தியாலத்தில் இலை காய வேண்டும், அதுதான் அளவு. மரத்தில் கறுத்துக் காய்ந்து தொங்கும் பழைய பிஞ்சுகளையும் விட்டுவைக்காதீர்கள்.

வெட்டுவாயில் போர்டோப் பசை பூசுங்கள்: 100 கிராம் மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று), 100 கிராம் சுண்ணாம்பு, 1 லீற்றர் தண்ணீர். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது வாளையும் கத்தியையும் துடைத்துக் கிருமி நீக்குங்கள். வெட்டிய கொப்புகளை மரத்தடியில் குவித்து வைத்தால் செய்த வேலை எல்லாம் வீண். தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். விழுந்த பழங்களை இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும்.

என் 22 மரங்களுக்கு இரண்டு கூலியாட்களுக்கு மூன்று நாள் வேலை.

யூரியா விடயத்தில் கவனம் வேண்டும். தழைச்சத்து மிஞ்சினால் பழத்தின் தோல் பழுத்தும் பச்சையாக நிற்கும், அழுகலும் கூடும். அதேபோல் காய் முற்றும் காலத்தில் மரம் தண்ணீர் இல்லாமல் வாடினால் கொப்புக்குள் இருக்கும் பங்கசுக்குத்தான் கொண்டாட்டம். நம் கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது, அதனால் மரத்தடியில் வைக்கோலோ சருகோ தடிப்பாகப் போடுங்கள். நோய் பிடித்த மாஞ்சருகு மட்டும் வேண்டாம்.

4. தை முதல் பங்குனி வரை: பூவைக் காக்கும் தெளிப்பு

அந்திரக்னோஸை வெல்வதும் தோற்பதும் இந்த மூன்று மாதத்தில்தான். வித்தி பூவிலோ பிஞ்சிலோ விழும். தோல் சில மணித்தியாலம் ஈரமாக இருந்தால் முளைத்து, தோலுக்குள் ஒரு முளை ஊன்றி, அப்படியே உறங்கிவிடும். பச்சை மாங்காயின் தோலில் பங்கசை அடக்கும் பதார்த்தங்கள் இயற்கையாகவே உண்டு. காய் பழுக்கும்போது அவை குறைந்துபோக, உறங்கியது எழும்பும். லொறி ஏற்றும்போது காய் பளபளப்பாக இருந்ததன் காரணம் இதுதான். பழுத்தபின் மருந்து அடித்துப் பயன் இல்லாததன் காரணமும் இதுவே.

முதல் தெளிப்பு, பூங்கொத்து விரல் நீளம் வந்து மொட்டு விரிய முன். அதற்குச் செம்பு சார்ந்த மருந்து அல்லது நாமே கலக்கும் போர்டோக் கலவை போதும். 100 கிராம் மயில்துத்தத்தை 5 லீற்றர் தண்ணீரில் பிளாஸ்ரிக் வாளியில் கரையுங்கள். இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது. 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு வாளியில் 5 லீற்றரில் கரைத்து ஆறவிடுங்கள். துத்தநீரைச் சுண்ணாம்பு நீருக்குள் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். பிறகு இரும்புக் கத்தி ஒன்றை ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, அப்படியே அடித்தால் இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். வடித்து, அன்றைக்கே அடித்து முடியுங்கள். அடுத்த நாளைக்கு வைக்கக் கூடாது.

முழுப்பூ நேரத்தில் செம்பு வேண்டாம், பூவைச் சுடும். வானம் வெளுத்து, பனியும் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் எதுவுமே அடிக்கத் தேவையில்லை. மாம்பூவை மகரந்தம் சேர்ப்பது ஈக்களும் தேனீக்களும்தான், அவற்றைக் கொன்றுவிட்டுக் காய் எதிர்பார்க்க முடியாது. பூ நேரத்தில் மழை பெய்தாலோ விடிய விடியப் பனி நின்றாலோ மட்டும், பின்னேரம் பூச்சிகள் போன பிறகு மங்கோசெப் என்ற பங்கசுநாசினி அடிப்பேன். பிறகு பிஞ்சு பயறளவில் ஒன்று, கோலிக்குண்டு அளவில் ஒன்று. பங்குனி, சித்திரையில் பின்னேர இடிமழை வழமையாக வந்துகொண்டிருந்தால் இடைவெளி 10 முதல் 14 நாள். மழை இல்லாவிட்டால் நீட்டலாம். நாட்காட்டியைப் பார்த்து அடிக்காதீர்கள், வானத்தைப் பார்த்து அடியுங்கள்.

கணக்கு இப்படி. 80 வீத மங்கோசெப் தூள் லீற்றருக்கு 2 கிராம் வழமையான அளவு. ஆனால் உங்கள் கையில் உள்ள பக்கற்றின் லேபல் என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு. நடுத்தர மரத்துக்கு ஏறக்குறைய 10 லீற்றர் போகும். 22 மரத்துக்கு 220 லீற்றர், 440 கிராம் தூள். 16 லீற்றர் முதுகுத் தெளிகருவியில் 14 தடவை நிரப்ப வேண்டும். மூன்று சுற்றுக்கு 1 கிலோ 320 கிராம். இதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் தேவைக்கு மிஞ்சி வாங்க மாட்டீர்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை:

இலங்கையில் பீடைநாசினிகள் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதியப்பட வேண்டும். பதிவு இலக்கமும் தமிழ் லேபலும் இல்லாத பக்கற்றை வாங்காதீர்கள். உடைத்து நிறுத்துத் தரும் தூளையும் வாங்காதீர்கள்.

காலாவதித் திகதி பாருங்கள், பற்றுச்சீட்டு கேளுங்கள். மருந்து வேலை செய்யாவிட்டால் முறையிட உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அது.

மரத்துக்குள் ஊறி வேலை செய்யும் ஊடுருவும் மருந்து ஒன்றையே திரும்பத் திரும்ப அடித்தால் பங்கசு அதற்குப் பழகிவிடும். "போன முறை நல்லா வேலை செய்தது" என்பது அதையே மறுபடி அடிக்கக் காரணம் அல்ல.

கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையில் எத்தனை நாள் என்று லேபலில் இருக்கும். அதைக் குறைக்காதீர்கள். உறை போட்ட பிறகு நான் எந்த மருந்தும் அடிப்பதில்லை. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. நம் பிள்ளைகளும் அந்தப் பழத்தைத்தான் தோலோடு கடிக்கிறார்கள்.

5. சித்திரை: உறை போடுதல்

காய் முட்டையளவு வந்ததும் கடதாசி உறை போட்டால் மழைத்தண்ணீர் தோலில் படாது, பழ ஈயும் குத்தாது. ஒரு செலவில் இரண்டு காவல். முதலில் ஒரு தெளிப்பு. அது நன்றாகக் காய்ந்த பிறகு அன்றைக்கோ மறுநாளோ உறை. ஈரத்தோடு மூடினால் நோயை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். முதல் வருடம் மழை விட்ட கையோடு ஐம்பது காய்க்கு உறை போட்டேன். ஐம்பதும் கறுத்தன.

கடையில் விற்கும் உறை நல்லது, ஆனால் விலை. நான் பழைய பத்திரிகையை இரண்டு மடிப்பாக ஒட்டி, கீழ்மூலையில் தண்ணீர் வடிய சிறு துளை விட்டு, காம்பைச் சுற்றி மடித்து ஸ்டேப்ளர் அடிக்கிறேன். பொலித்தீன் பை போடவே கூடாது, உள்ளே வியர்க்கும். இரண்டு பேர் இரண்டு நாளில் 600 காய் வரை போடலாம். உயர்ந்த கொப்புகளை விட்டுவிடுங்கள். ஏணியில் ஏறி விழுந்தவரின் வைத்தியச் செலவை எந்த மாங்காயும் அடைக்காது.

6. ஆய முன் ஒரு முன்னோட்டம்

இந்த வழக்கத்தை முதல் வருடமே யாராவது சொல்லித் தந்திருந்தால் அந்த லொறி போயிருக்காது. அறுவடைக்கு இரண்டு கிழமை முன், வெவ்வேறு மரங்களில் முற்றிய காய்களாக 20 ஆய்ந்து, வீட்டின் வெப்பமான மூலையில் மூடிய பெட்டிக்குள் பழுக்க வையுங்கள். மரத்தின் இலக்கத்தைக் காயிலேயே எழுதுங்கள். பழுத்ததும் எண்ணுங்கள். இரண்டு மூன்றுதான் கெட்டால் தூர இடத்துக்கு அனுப்பலாம். பாதி கெட்டால் தம்புள்ளையை மறந்து, உள்ளூரிலேயே கெதியாக விற்கவோ, காயாகவே ஊறுகாய்க்கும் வற்றலுக்கும் கொடுக்கவோ முடிவெடுக்கலாம். எந்த மரம் கெட்டது என்பதும் தெரிந்துவிடும். என் தோட்டத்தில் வேலியோரத்து இரண்டு மரங்கள் எப்போதும் பின்தங்கும், அவற்றின் காயைத் தனியாகவே ஆய்கிறேன்.

7. வைகாசி முதல் ஆடி வரை: ஆய்தலும் பாலும்

முற்றாத காய் ஒழுங்காகப் பழுக்காது, முற்றிப் பழுக்கத் தொடங்கியது வழியில் அழுகும். காம்படியில் தோள் உயர்ந்து நிரம்பியிருக்கிறதா பாருங்கள். தண்ணீர் வாளியில் போட்டால் முற்றிய காய் தாழும், முற்றாதது மிதக்கும்.

மழை பெய்த அன்றும் மறுநாளும் ஆயாதீர்கள். பனி காய்ந்த பிறகு தொடங்குங்கள். கொக்கத்தடியில் வலைப்பை கட்டி, கத்தி வைத்து, காம்போடு வெட்டுங்கள். உலுக்கி விழுத்திய காயை அனுப்பும் பெட்டியில் சேர்க்கவே கூடாது. வெளியில் காயம் தெரியாது, உள்ளே கன்றியிருக்கும்.

விரல் நீளக் காம்பு விட்டு ஆய்வது முக்கியம். காம்பு முறிந்த வாய்தான் காம்பழுகலின் வாசல். நிழலுக்குக் கொண்டுவந்த பிறகு காம்பை அரை அங்குலத்துக்கு வெட்டி, காயைத் தலைகீழாகச் சட்டத்திலோ விரித்த வலையிலோ ஒன்று இரண்டு மணித்தியாலம் வடியவிடுங்கள். பால் தோலில் வழிந்தால் சுட்டுக் கறுக்கும். அந்தக் கறையை நோய் என்று வியாபாரி விலை குறைப்பார், நீங்கள் மறுக்கவும் முடியாது. வெறும் மண்ணில் காயைப் பரப்ப வேண்டாம், மண்ணிலும் சருகிலும் இருக்கும் பங்கசு காம்புவாயில் ஏறும்.

8. வெந்நீர்க் குளிப்பு

ஆய்ந்து 24 மணித்தியாலத்துக்குள் 52 பாகை செல்சியஸ் வெந்நீரில் 5 நிமிடம். தோலில் உறங்கும் அந்திரக்னோஸை இது பெரிதும் அடக்குகிறது. காம்புக்குள் ஆழமாக இருக்கும் பங்கசை முழுதாகத் தொடாது. அதனால்தான் கொப்பு வெட்டுவதையும் காம்பு விட்டு ஆய்வதையும் பற்றி இவ்வளவு சொன்னேன்.

கலியாண வீட்டுக்குச் சமைப்பவர்களிடம் 100 லீற்றர் கிடாரம் ஒன்று வாடகைக்கு எடுத்தேன். பழைய மீன் வலையில் பை தைத்து, ஒரு தடவைக்கு 12 கிலோ இறக்குகிறேன். தண்ணீர் 54 பாகையில் இருக்கும்போது காயை இறக்கினால் சிறிது நேரத்தில் 52இல் வந்து நிற்கும். அந்த நேரத்திலிருந்து 5 நிமிடம் எண்ணுங்கள், இடையிடையே பையை ஆட்டிவிடுங்கள். 55ஐத் தாண்டவிடாதீர்கள், தோல் வெந்து கபிலமாகும். 50க்குக் கீழே போனால் குளிப்பாட்டியதில் பெரிய பலன் இராது.

வெப்பமானி இல்லாமல் கை வைத்துப் பார்த்துச் செய்யவே முடியாது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது, அது 42 பாகையளவில் நின்றுவிடும். சமையலுக்கோ ஆய்வுகூடத்துக்கோ விற்கும் 100 பாகை வெப்பமானி வாங்குங்கள். கன்னியா வெந்நீரூற்றுத் தண்ணீரை எடுத்தால் என்ன என்று இருவர் கேட்டார்கள். மனிதர் குளிக்கக்கூடிய சூடு இதற்குக் காணாது.

300 கிலோவுக்கு 25 தடவை. சூடேறும் நேரத்தோடு தடவைக்கு 10 நிமிடம் என்றால் நாலு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. முதல் தடவை தண்ணீரைச் சூடாக்க அரைக் கிலோ அளவு எரிவாயு, முழு வேலைக்கும் இரண்டு மூன்று கிலோ. விறகிலும் செய்யலாம், ஆனால் சூட்டை ஒரே அளவில் வைக்க இன்னொரு ஆள் வேண்டும்.

எடுத்தவுடன் சுத்தமான குளிர்தண்ணீரில் 10 நிமிடம், பிறகு நிழலில் காற்றாடியின் கீழ் முழுதாகக் காயும்வரை. முற்றாத காயும் பழுக்கத் தொடங்கிய காயும் வெந்நீரைத் தாங்காது. இனத்துக்கு இனம் தோல் வேறு, ஆகவே முதலில் பத்துக் காயில் செய்து மூன்று நாள் பாருங்கள். வெந்நீரில் பங்கசுநாசினி கலக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அறுவடைக்குப் பின் மாங்காயில் பாவிக்க என்று லேபலில் இல்லாத எதையும் கலக்காதீர்கள்.

9. அடுக்குதல், ஏற்றுதல், பழுக்க வைத்தல்

சாக்கு வேண்டாம். காற்றுப்போகும் பிளாஸ்ரிக் கூடையில் கடதாசி விரித்து, இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் போகாமல் அடுக்குங்கள். கூடைகளைக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே பாவியுங்கள், போன தடவை அழுகிய பழத்தின் சாறு ஒட்டியிருந்தால் அதுவே விதை. கந்தளாய், ஹபரணை வழியாகத் தம்புள்ளைக்குப் பகல் வெயிலில் தார்ப்பாய் இறுக்கிப் போகும் லொறிக்குள் காய் அவியும். இரவில் ஏற்றுங்கள், பின்பக்கம் காற்றுக்கு வழி விடுங்கள்.

காபைட் கல் வைத்துப் பழுக்க வைப்பது உடலுக்குக் கேடு, அழுகலையும் அது நிறுத்தாது. பச்சைக் காயைக் குளிர்சாதனப் பெட்டியில் திணிப்பதும் பிழை. 13 பாகைக்குக் கீழே நாட்கணக்கில் இருந்தால் குளிரில் காயப்பட்டு, வெளியே எடுத்ததும் இன்னும் கெதியாக அழுகும். வைக்கோல் பரப்பிய காற்றோட்டமான அறையில், காம்பு கீழே பார்க்க, ஒற்றை அடுக்காக வையுங்கள். ஒவ்வொரு நாள் காலையும் பார்த்து, புள்ளி தொட்டதை அன்றே பிரித்தெடுங்கள்.

10. கொப்பி

ஒரு 80 பக்கக் கொப்பி போதும். திகதி, மரத்தின் இலக்கம், மழை பெய்ததா, என்ன மருந்து எத்தனை கிராம், யார் அடித்தார், எத்தனை கிலோ ஆய்ந்தது, எத்தனை கிலோ திரும்பியது. இலங்கை நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழுக்கு விவசாயத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க விரும்பினால் இப்படிப்பட்ட பதிவுதான் முதலில் பார்க்கப்படும். அந்தச் சான்றிதழ் இருந்தால் பெரிய கடைகளோடு விலை பேசலாம். ஐரோப்பாவுக்கு அனுப்பும் எண்ணம் உள்ளவர், அங்கே மங்கோசெப்புக்கான அனுமதி 2020இல் நீக்கப்பட்டதைத் தெரிந்துகொண்டு, வாங்குபவர் எந்த மருந்தை ஏற்பார் என்று பூக்கும் முன்னரே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

வியாபாரியோடும் எழுதியே பேசுங்கள்: எத்தனை நாளுக்குள் அழுகினால் யாருடைய நட்டம், திரும்பும் பழத்தின் படம் அனுப்புவாரா, பணம் எப்போது. முதல் வருடம் அந்தப் பேச்சு எனக்கும் அவருக்கும் இடையில் நடக்கவே இல்லை. இப்போது லொறி ஏறுமுன் ஒவ்வொரு கூடையிலும் மரத்தின் இலக்கமும் ஆய்ந்த திகதியும் எழுதிய துண்டு வைக்கிறேன். ஒரு கூடை கெட்டதாக அழைப்பு வந்தால், இலக்கத்தைக் கேட்டுக் கொப்பியைத் திறந்து, அந்த மரத்துக்கு மாசியில் என்ன நடந்தது என்று பார்க்கிறேன்.